கடல் கொண்டதும் செல் அரித்ததும்: அழிவைப் பற்றி இரண்டு மறுமலர்ச்சிகள் யோசித்த விதம்



இலக்கிய வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் இப்படித்தான் தொடங்குவாங்க: முதற்சங்கம் இருந்த தென்மதுரையையும் இடைச்சங்கம் இருந்த கபாடபுரத்தையும் கடல் கொண்டது, அதனால் பல நூல்கள் அழிந்தன.

இந்த இரண்டு வாக்கியங்களையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்க. முதல் வாக்கியம் ஒரு பேரழிவைச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியம் நம் இழப்புக்குக் காரணம் சொல்கிறது. முதலாவது நம் மரபில் உள்ள செய்தி. அதை மரபுச் செய்தியாக எழுதினால் தவறில்லை. இரண்டாவதில்தான் சிக்கல் இருக்கு. நாம் இழந்த நூல்களுக்கெல்லாம் கடல்தான் காரணமா? பரிபாடலில் எழுபது பாடல் இருந்ததாக மரபு சொல்கிறது. இன்று முழுமையாகக் கிடைப்பவை 22. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்கள் இல்லை. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. வளையாபதியும் குண்டலகேசியும் சில பாடல்களாக மட்டுமே மிஞ்சியிருக்கு. இவற்றைக் கடல் தொடவில்லை. அப்படியானால் யார் தொட்டது?

இதே கேள்வியை ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலத்துச் சிந்தனையாளர்களும் கேட்டாங்க. வரலாற்றுப் பாடத்தில் மறுமலர்ச்சி என்றதும் ஓவியம், சிற்பம், புதிய நிலங்களைத் தேடிய கடற்பயணம் என்றுதான் நமக்கு நினைவு வரும். ஆனால் அந்தக் காலத்து மனிதர்களுக்கு அழிவைப் பற்றிய பயமும் நிறைய இருந்தது. அவர்கள் யோசித்த விதத்தை முதலில் பார்த்துவிட்டு நம் கதைக்கு வருவோம். ஒப்பிட்டுப் பார்க்கும்போது நம்முடைய கதை இன்னும் தெளிவாகத் தெரியும்.

இடிபாடுகளுக்கு நடுவே பிறந்த மறுமலர்ச்சி

மறுமலர்ச்சியின் முன்னோடி என்று சொல்லப்படும் பெத்ரார்க் 1304 முதல் 1374 வரை வாழ்ந்தவர். 1348ஆம் ஆண்டுப் பெருங்கொள்ளை நோயில் தன் நண்பர்களையும் தான் பாடிய லாராவையும் இழந்தவர். பண்டைய ரோம் ஒளி, தன் காலம் இருள் என்பது அவருடைய எண்ணம். 1345இல் வெரோனா நகரத்தில், பல நூற்றாண்டுகளுக்கு முன் இறந்துபோன சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தார். படித்ததும் அந்த இறந்த மனிதருக்கே பதில் கடிதம் எழுதினார்! பழையவர்களோடு பேச்சு அறுந்துபோச்சு, அதைத் திரும்பத் தொடங்கணும் என்ற தவிப்பு அது.

அவருக்குப் பின் வந்த போஜ்ஜோ பிராச்சியோலினி ஏடு தேடி அலைந்தவர். 1416இல் இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள சங்க்ட் காலன் மடத்தில் குவிந்தீலியனின் சொற்கலை நூலை முழுமையாகக் கண்டார். தூசியும் பூஞ்சையும் படிந்த இருட்டறையில், சிறைப்பட்ட மனிதனைப்போல அந்த நூல் கிடந்தது என்று நண்பருக்கு எழுதினார். அடுத்த ஆண்டே, 1417இல், லுக்ரீஷியஸின் நூலைக் கண்டெடுத்தார். அந்த நூலின் கருத்து என்ன தெரியுமா? உலகமே அணுக்களால் ஆனது. கூடியது எல்லாம் ஒருநாள் பிரியும். இந்த உலகத்துக்கும் முடிவு உண்டு. அழிவிலிருந்து காப்பாற்றப்பட்ட நூலே அழிவைப் பற்றிப் பேசுகிறது.

1448இல் போஜ்ஜோ, ஊழின் மாற்றங்களைப் பற்றி ஒரு நூலை முடித்தார். ரோமின் குன்றின்மேல் உட்கார்ந்து, கீழே சிதைந்து கிடக்கும் நகரத்தைப் பார்த்துப் பேசுவதுபோல அது தொடங்கும். ஐந்து ஆண்டுகளில், 1453இல், கொன்ஸ்தாந்திநோபிள் வீழ்ந்தது. அங்கிருந்த கிரேக்க நூல்களின் கதி என்ன என்று இத்தாலிய அறிஞர்கள் கலங்கினார்கள்.

பயம் அறிஞர்களோடு நிற்கவில்லை. 1499இல் அச்சான ஒரு பஞ்சாங்கம், 1524 பிப்ரவரியில் கோள்கள் மீன ராசியில் கூடும் என்று கணித்தது. மீனம் நீர் ராசி. அதனால் இரண்டாவது பிரளயம் வரப்போகிறது என்று ஏராளமான சிறுநூல்கள் அச்சாகிப் பரவின. பிப்ரவரி வந்தது, போனது. உலகம் மூழ்கவில்லை. புலனத்தில் வரும் செய்தியை யோசிக்காமல் அனுப்பும் நம் காலத்துக்கு இது புதுசு இல்லை, பாருங்க. லியொனார்டோ டாவின்சியும் தன் கடைசி ஆண்டுகளில் பெருவெள்ளம் ஊர்களையும் மரங்களையும் சுழற்றி அடிப்பதைத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

இன்னொரு எண்ணமும் அப்போது பரவலாக இருந்தது. உலகம் ஒரு மனிதனைப்போல முதுமை அடைகிறது. நிலம் விளைச்சல் குறைகிறது. மனிதர்களின் உடலும் அறிவும் முன்னோரைவிடச் சிறுத்துவிட்டன. நமக்கு இது அந்நியமான எண்ணம் இல்லை. நான்கு யுகங்களில் அறம் படிப்படியாகத் தேய்ந்து கலியுகத்துக்கு வந்துவிட்டோம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதே வகைதான்.

மக்கியவெல்லி பிரித்துக் காட்டிய இரண்டு காரணங்கள்

ஆக, மறுமலர்ச்சிக் காலத்தில் அழிவைப் பற்றி இரண்டு படிமங்கள் இருந்தன. ஒன்று, திடீரென வரும் பேரழிவு. மற்றொன்று, மெதுவாக நடக்கும் சிதைவு. இவற்றைக் காரணங்களாகப் பிரித்து யோசித்தவர்களில் மக்கியவெல்லி முக்கியமானவர். லிவியின் வரலாற்றை விளக்கி அவர் எழுதிய நூல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து 1531இல் அச்சானது. அதன் இரண்டாம் பகுதி ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு கேள்வி வருகிறது: உலகம் இவ்வளவு பழையது என்றால், ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட நினைவு நமக்கு ஏன் இல்லை?

அவர் பதில் இரண்டு பங்கு. ஒன்று இயற்கை: வெள்ளம், கொள்ளை நோய், பஞ்சம். அவற்றில் தப்புகிறவர்கள் பெரும்பாலும் மலைவாழ் மக்கள். பழைய வரலாறு அவர்களுக்குத் தெரியாது. தெரியாததை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொடுப்பார்கள்? மற்றொன்று மனிதர்: சமய மாற்றமும் மொழி மாற்றமும். புதிய சமயம் எழும்போது தன் பெருமைக்காகப் பழையதன் நினைவை அழிக்கப் பார்க்கும்.

இதோடு அவர் ஒரு நுட்பமான செய்தியையும் சேர்க்கிறார். கிறிஸ்தவம் பரவியபோது பழைய ரோமின் நினைவு முழுதாக அழியாமல் போனதற்குக் காரணம், புதிய சமயமும் இலத்தீன் மொழியிலேயே எழுத வேண்டியிருந்ததுதான். மொழி தொடர்ந்ததால் நினைவும் ஓரளவு தொடர்ந்தது. மொழியாசிரியர்களான நமக்கு இந்தக் கருத்து மிகவும் வேண்டியது.

அதற்குப் பின் வந்தவர்கள் அச்சத்திலிருந்து மெல்ல நகர்ந்தார்கள். 1566இல் ழான் போதான், பொற்காலம் என்று ஒன்று முன்பு இருந்ததாகச் சொல்வதே தவறு என்றார்; அச்சுக்கலை ஒன்றே முன்னோரின் கண்டுபிடிப்புகள் அனைத்துக்கும் ஈடாகும் என்றார். 1575இல் லூயி லெ ருவா, நாடுகளும் கல்வியும் உயர்ந்து தாழ்வது இயல்பு. அதனால்தான் பெற்றதோடு நம் பங்கையும் சேர்த்துப் பின்வருவோருக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். இங்கிலாந்தில் 1616இல் காட்ஃப்ரி குட்மன் உலகம் கெட்டு முதுமை அடைகிறது என்று நூல் எழுத, 1627இல் ஜார்ஜ் ஹேக்வில் அதை மறுத்து நீண்ட நூல் எழுதினார்.

நம் மரபில் பேரழிவு

இப்போ நம் பக்கம் வருவோம். கடல்கோள் பற்றிய செய்தி ஒரே நாளில் முழுசா வந்தது இல்லை, படிப்படியாக வளர்ந்தது.

கலித்தொகையின் முல்லைக்கலியில் ஒரு பாண்டியன் வருகிறான். கடல் அவன் நிலத்தைக் கொள்ள, அவன் பகைவர் நாட்டை வென்று இழந்ததை ஈடு செய்கிறான். அவ்வளவுதான் செய்தி. சிலப்பதிகாரத்தில் இடப்பெயர்கள் சேர்கின்றன: பஃறுளி ஆறும் குமரிக் கோடும் கடலுக்குள் போகின்றன, பாண்டியன் கடல்மேல் வேல் எறிந்ததற்கு அது பழிவாங்கியதாகக் கதை. கி.பி. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி எழுந்ததாகக் கருதப்படும் இறையனார் களவியல் உரையில் மூன்று சங்கங்களும் எண்ணிக்கைகளும் வருகின்றன. முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு. பிறகு சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே 700 காவதம், அதில் 49 நாடு என்று கணக்குச் சொல்கிறார்.

மூன்று சங்கங்களின் ஆண்டுகளையும் 37ஆல் வகுத்துப் பாருங்க. 120, 100, 50 என்று மீதியில்லாமல் வரும். வகுப்பில் கணிப்பானைக் கொடுத்து மாணவர்களையே செய்யச் சொல்லலாம். உண்மையில் நடந்த காலத்தைக் கணக்கெடுத்தால் இப்படி ஒழுங்காக வருமா? இது எண்ணி அமைத்த கணக்கு என்று அவர்களே சொல்லிடுவாங்க. அதற்காக உரையாசிரியர் பொய் சொன்னார் என்று தீர்ப்பு எழுத வேண்டாம். நம் மொழி மிகவும் பழையது, நாம் நிறைய இழந்திருக்கிறோம் என்ற உணர்வை அவர் காலத்து முறையில் சொல்கிறார்.

அதே உரையில் கடல்கோளைவிட நமக்கு முக்கியமான இன்னொரு பேரழிவு இருக்கு. அதைப் பெரும்பாலும் விட்டுடறோம். பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வருகிறது. புலவர்களைக் காப்பாற்ற முடியாத அரசன், போய்ப் பிழைத்து, நாடு நாடானபின் திரும்பி வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறான். மழை பெய்து நாடு தெளிந்ததும் ஆள் அனுப்பித் தேடுகிறான். எழுத்து அறிந்தவர் கிடைக்கிறார். சொல் அறிந்தவர் கிடைக்கிறார். பொருளதிகாரம் அறிந்தவர் ஒருவரும் இல்லை. எழுத்தும் சொல்லும் ஆராய்வதே பொருளுக்காகத்தானே, அது இல்லாமல் மற்றவை இருந்து என்ன என்று அரசன் வருந்துகிறான். அந்த வருத்தம் தீர இறைவனே அறுபது நூற்பா அருளினான் என்று கதை போகிறது.

மக்கியவெல்லி சொன்னதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க. பஞ்சத்தால் மனிதர்கள் முழுதாக அழியவில்லை, நாடும் மீண்டது. அழிந்தது ஒரு துறையின் அறிவு. அதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போனதுதான் காரணம்.

அந்த உரை இதற்கு வைக்கும் பதில் ஆசிரியர்களான நம்மைத் தொடும். இந்த உரை எப்படி வந்து சேர்ந்தது என்று அது ஒரு பட்டியல் தருகிறது. நக்கீரர் தன் மகன் கீரவி கொற்றனாருக்குச் சொன்னார்; அவர் தேனூர்கிழாருக்குச் சொன்னார்; இப்படியே ஒருவர் வாயிலிருந்து ஒருவர் செவிக்கு வந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை பத்துத் தலைமுறை. கடலும் பஞ்சமும் அழித்ததைச் சொன்ன அதே நூல், காத்தவர்களின் பெயரையும் வரிசையாகச் சொல்கிறது. நம் மாணவர்கள் கடல் கொண்ட ஊரின் பெயரை மனப்பாடம் செய்யறாங்க. இந்தப் பத்துப் பேரின் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பாங்க?

மணிமேகலையும் இதே பக்கம்தான் நிற்கிறது. புகார் நகரத்தைக் கடல் கொண்டதற்கு அந்தக் காப்பியம் சொல்லும் காரணம், காணாமல்போன மகனைத் தேடிய சோழன் இந்திர விழா எடுக்க மறந்ததுதான். தெய்வத்தின் சாபம் என்பது புராண நடை. ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால் அழிவு வந்தது என்பதே அங்குள்ள எண்ணம்.

ஏட்டுக்கு நேர்ந்தது

பனையோலைக்கு நம் தட்பவெப்பத்தில் ஆயுள் குறைவு. நன்றாகப் பாதுகாத்தாலும் சில நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலும் நிற்காது. ஈரம், பூச்சி, செல், ஒடிந்துபோகும் ஓரம். அதனால் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிக்கொண்டே இருக்கணும். இன்று நம் கையில் இருக்கும் ஒவ்வொரு சங்கப் பாடலும் இப்படிப் பலமுறை படியெடுக்கப்பட்டுத்தான் வந்திருக்கு. இடையில் சில தலைமுறைகள் படியெடுக்காமல் விட்டாலே போதும், அந்த நூல் முடிந்துபோகும். அதற்குப் படையெடுப்பும் வேண்டாம், ஆழிப்பேரலையும் வேண்டாம்.

ஏன் விட்டார்கள்? பாடத்திட்டம் மாறியது ஒரு காரணம். எதைப் படிக்கிறார்களோ அதைத்தான் படியெடுப்பார்கள். இலக்கணக் கொத்து எழுதிய சாமிநாத தேசிகர், திருவாசகம் போன்ற நூல்கள் இருக்கும்போது பத்துப்பாட்டு, எட்டுத்தொகை முதலியவற்றைப் படித்து வாழ்நாளை வீணாக்குகிறார்களே என்ற கருத்தில் எழுதினார். அவர் தமிழின் எதிரி இல்லை. பெரிய இலக்கணப் புலவர். அப்படிப்பட்டவரே இவ்வாறு எண்ணும்போது, ஒரு மாணவன் உட்கார்ந்து பதிற்றுப்பத்தைப் படியெடுப்பானா? மக்கியவெல்லி சொன்ன இரண்டாவது காரணம் இங்கே கண்முன் நிற்கிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை (1832–1901) ஏடுகளை அச்சேற்றத் தொடங்கினார். வீரசோழியம் 1881, இறையனார் அகப்பொருள் 1883, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887. ஏட்டைத் தொட்டால் ஓரம் உதிர்வதையும் கட்டை அவிழ்த்தால் இதழ் முறிவதையும் அவர் தன் பதிப்புரையில் வேதனையோடு விவரித்திருக்கிறார். போஜ்ஜோ சங்க்ட் காலன் இருட்டறையிலிருந்து எழுதிய கடிதத்தோடு இதைச் சேர்த்துப் படிக்கலாம்.

உ.வே.சாமிநாதையர் (1855–1942) 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தான் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை எல்லாவற்றையும் சொன்னார். முதலியார் அசையவில்லை, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர் அவர். அவருக்கே அந்த நூல்கள் பாடமாக வந்திருக்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று பதிப்புகள் வந்தன. ஏடு தேடிப் போன வழியில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் கலங்கியதைத் தன் எழுத்திலேயே பதிவு செய்திருக்கிறார். எரித்தவர்கள் பகைவர்கள் இல்லை. பழைய ஏட்டுக்கு அதுதான் மரியாதை என்று நம்பியவர்கள்.

இதே காலத்தில் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். அதன் தமிழ்த்தெய்வ வணக்கத்தில் தமிழை முதுமை அடையாத மொழியாகப் போற்றினார். உலகம் கிழடாகிறது என்ற வாதத்துக்கு ஹேக்வில் சொன்ன மறுப்பைப்போல, நம் மறுமலர்ச்சியிலும் சிதைவுக்கு எதிராக ஒரு குரல் எழுந்தது.

லெமூரியா எங்கிருந்து வந்தது?

1864இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர், லெமூர் வகை விலங்குகள் மடகாஸ்கரிலும் அவற்றுக்கு நெருங்கியவை இந்தியாவிலும் இருப்பதைக் கண்டார். இடையில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்கணும் என்று ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். தமிழருக்கும் அந்த ஊகத்துக்கும் அப்போது தொடர்பே இல்லை. பிறகு தமிழறிஞர்கள் சிலர் அதைக் கடல்கோள் மரபோடு இணைத்தார்கள். தேவநேயப் பாவாணர் போன்றவர்கள் குமரிக்கண்டமே மாந்தன் பிறந்தகம் என்று வாதிட்டார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் தங்கள் மொழியின் தொன்மைக்கு ஆதாரம் தேடிய தலைமுறைக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று புரிஞ்சுக்க முடியுது.

ஆனால் அறிவியல் வேறு பாதையில் போனது. 1912இல் வேகனர் கண்டப்பெயர்ச்சிக் கருத்தை முன்வைத்தார். 1960களில் நிலத்தட்டுக் கோட்பாடு நிலைபெற்றது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பிரிந்தவை. அதனால் இடையில் மூழ்கிய கண்டம் தேவையில்லாமல் போனது. அந்தப் பிரிவு மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தியது.

அப்படியானால் கடல் நிலத்தைக் கொள்ளவே இல்லையா? கொண்டது. ஏறக்குறைய 20,000 ஆண்டுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகமும் இலங்கையும் ஒரே நிலம். குமரி முனைக்குத் தெற்கிலும் நிலம் ஓரளவு நீண்டிருந்தது, நிலவியலாளர் சு.கி.ஜெயகரன் ‘குமரி நில நீட்சி’ என்ற நூலில் இதை விளக்கியிருக்கிறார். நம் பக்கமும் அப்படித்தான். மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் சேர்ந்து சுண்டா நிலம் என்ற ஒரே பரப்பு. அன்று ஜொகூரிலிருந்து போர்னியோவுக்கு நடந்தே போகலாம். பனி உருக உருக அந்த நிலம் மூழ்கியது. சராசரியாகப் பார்த்தால் நூற்றாண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒரே இரவில் ஒரு கண்டம் மூழ்கவில்லை.

திடீரெனக் கடல் ஊரைக் கொள்வதும் உண்டு. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைப் பினாங்கும் கெடாவும் மறக்கவில்லை, நாகப்பட்டினமும் மறக்கவில்லை. இவையெல்லாம் ஊர்களுக்கும் கரைகளுக்கும் நேர்ந்தவை. இப்படிப்பட்ட நினைவுகள் பழம்பாடல்களில் தங்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அங்கிருந்து ஒரு பெருங்கண்டத்துக்குத் தாவுவதற்குத்தான் ஆதாரம் இல்லை.

விடைத்தாளில் எப்படி எழுதுவது?

மாணவர்களே, கடல்கோளை விட்டுடுங்க என்று சொல்ல வரவில்லை. எந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று பிரித்து எழுதுங்க. மூன்று சங்கங்கள் இருந்ததாக இறையனார் களவியல் உரை கூறுகிறது என்று எழுதினால் அது சரியான வாக்கியம். மூன்று சங்கங்கள் 9990 ஆண்டு நடைபெற்றன என்று உறுதியாக எழுதினால் அதற்கு ஆதாரம் காட்ட முடியாது. லெமூரியா அறிவியலால் நிரூபிக்கப்பட்டது என்று எழுதினால் அது தவறு.

நூல்கள் ஏன் அழிந்தன என்று கேட்டால் மூன்று தலைப்பில் எழுதலாம். முதலாவது இயற்கை: மரபு சொல்லும் கடல்கோளும் பஞ்சமும். இரண்டாவது பொருள்: ஓலையின் குறுகிய ஆயுள், செல், ஈரம். மூன்றாவது மனிதர்: பாடத்திட்ட மாற்றம், சமய நோக்கு, படியெடுக்காமல் விட்டது. ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன சான்று ஒன்றாவது சேருங்க. இப்படி எழுதும் விடையில் சிந்தனை தெரியும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கடல்தான் அழித்தது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், இழப்புக்கு நாம் பொறுப்பில்லை என்ற எண்ணமும் கூடவே போய்ச் சேரும். கடலை யாரும் தடுக்க முடியாது அல்லவா? செல் அரித்தது, படியெடுக்க ஆளில்லை என்று சொன்னால், அடுத்து என்ன செய்யலாம் என்ற கேள்வி வரும். நம் மாணவர்களிடம் அந்தக் கேள்வி வரணும்.

நம் பக்கத்து ஏடுகள்

இந்த வேலை நம் மண்ணிலும் நடந்திருக்கு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகள், அந்தாம் தெ புரோவென்சா தொகுத்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரிலேயே மறுபதிப்புச் செய்தார். அதே ஆண்டு ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடும் கோலாலம்பூரில் நடந்தது.

ஆனால் நம்முடைய சொந்த ஏடுகள்? 1887இல் மகுதூம் சாயபு சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ நடத்தினார். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. நூலகத்தில் இருப்பவை ஓரளவு பிழைக்கும். தோட்டப் பள்ளிகளின் ஆண்டு மலர்கள், கோயில் திருவிழா மலர்கள், நாடகக் குழுக்களின் துண்டறிக்கைகள், தாத்தா பாட்டி எழுதிய கடிதங்கள் எல்லாம் எங்கே இருக்கு? தோட்டம் விற்கப்பட்டு, பள்ளி இடம் மாறும்போது அலமாரியில் இருந்த பழைய தாள்கள் புது இடத்துக்கு வந்து சேருவதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்த வெள்ளம் போன்றவை வரும்போது, வீட்டைக் கழுவும் அன்று முதலில் குப்பைக்குப் போவது நனைந்த தாள்தான். வெள்ளம் வராத வீட்டில் செல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

வகுப்பில் செய்ய மூன்று பணிகளைப் பரிந்துரைக்கிறேன்.

ஒன்று: கலித்தொகை, சிலப்பதிகாரம், இறையனார் களவியல் உரை, அடியார்க்குநல்லார் உரை, 20ஆம் நூற்றாண்டுக் குமரிக்கண்ட எழுத்து என ஐந்து குழுக்களாக மாணவர்களைப் பிரித்து, கடல்கோள் செய்தி ஒவ்வொரு கட்டத்திலும் எப்படி வளர்ந்தது என்று அட்டவணை போடச் சொல்லுங்க.

இரண்டு: பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சக் கதையைப் படிவம் 4, 5 மாணவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, இன்று நாட்டில் பத்து ஆண்டுக்குத் தமிழ்ப்பாடம் நின்றுபோனால் எந்த அறிவு முதலில் இல்லாமல் போகும் என்று விவாதிக்கச் சொல்லுங்க.

மூன்று: ஒவ்வொரு மாணவரும் வீட்டிலோ கோயிலிலோ பள்ளியிலோ 1980க்கு முன் அச்சான அல்லது எழுதப்பட்ட ஒரு தமிழ்த்தாளைத் தேடட்டும். உரியவரிடம் அனுமதி கேட்டுக் கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, எங்கே கிடைத்தது, யாருடையது, எந்த ஆண்டு என்று கீழே எழுதட்டும். படங்களைப் பள்ளி நூலகத்தில் ஒரு கோப்பாகவும் வேறோர் இடத்தில் இன்னொரு படியாகவும் வையுங்க. ஒரே படி இருந்தால் அது ஏட்டின் கதிக்குத்தான் போகும்.